ஞாபகத்தில் இருந்த கண்

நான்கு நாளாக அந்த வீட்டில் பேச்சு என்பது நாத்தனாருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. மற்ற இருவரும், அதாவது புருஷனும் பெண்டாட்டியும், அவள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். "டீ ஆறுதுன்னு சொல்லு" என்பாள் பல்லக்கா. "ஆறட்டும்னு சொல்லு" என்பார் லிஃப்ட்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு நடுவில் நின்ற நாத்தனார், "நான் தையல்காரி. தபால்காரி இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த டீயைத் தானே குடித்துவிடுவாள்.

போன வாரம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாரே லிஃப்ட்காரர், அதோடு சரி. "இந்த வயசுல சின்னப் பிள்ளைங்களோட போய் உக்காந்து ரெண்டு வருஷம் படிக்கப் போறியா? என் ஒரு கண்ணு போனது போதாதா, ஊருக்கெல்லாம் பொய்க்கண்ணு செய்யணுமா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாயைப் பூட்டிச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டார்.

பல்லக்கா என்ற பேர் அவள் வேலை செய்யும் லேபில் வைத்தது. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்கிற இடம் அது. பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு அவள் சேர்க்கிற நிறத்தை, பல் கட்டிக்கொண்டவரே கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். அந்தப் பேரோடு அவள் நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் மோட்டார் அறையில் ஒரு ஸ்பிரிங் தெறித்து லிஃப்ட்காரரின் வலது கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் தட்டில் அடுக்கி வைத்திருந்த பொய்க்கண்களில் ஒன்றை எடுத்துப் பொருத்தி அனுப்பினார்கள். அவருடைய கண் பழுப்பு. அவர்கள் வைத்தது கரிக்கட்டைக் கறுப்பு. அன்றைக்கு மாட்டிய கறுப்புக் கண்ணாடியை மனுஷர் வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. முகம் கழுவக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கை அணைத்த பிறகுதான் கண்ணாடி மேஜைக்குப் போகும்.

பொய்ப்பல்லும் பொய்க்கண்ணும் ஒரே பொருளில் செய்வது என்று பல்லக்காவுக்குத் தெரிந்த நாளில் அந்தப் பைத்தியம் பிடித்தது. நூலகத்தில் பழைய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு கையில் அகராதியும் மறு கையில் பென்சிலுமாகப் படித்தாள். ஒரு முறை படித்ததில் ஒன்றும் விளங்காமல் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். கண்ணின் நிறம் ஒரு நிறமில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த பல நிறங்கள் என்று அவளுக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது. சின்ன வட்டத் தகடுகளில் கருவிழியாக வரைந்து வரைந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். எல்லாம் ஒரே நிறம், அவர் கண்ணின் பழுப்பு. ஒருநாள் பசிக்கு டப்பாவைத் திறந்த நாத்தனார், அன்றிலிருந்து பிஸ்கட்டே சாப்பிடுவதில்லை.

அந்த வேலையை முறையாகச் சொல்லித் தரும் ஒரே இடம் வெளியூரில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். அதற்கான தேர்வு இன்றைக்கு, ஆஸ்பத்திரியில். தேர்வு எழுதுகிறவர் பொய்க்கண் வைத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவருடைய நல்ல கண்ணைப் பார்த்து, மத்தியானத்துக்குள் அதற்கு ஜோடியாக ஒரு கருவிழி வரைய வேண்டும். நாத்தனாரின் வாடிக்கையாளர், கீழ்த் தெரு அச்சகக்காரர், வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணி, அச்சகக்காரர் காலை வாரிட்டாரு" என்று காலையில் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள் நாத்தனார்.

"என்ன சொல்றே?"

"பேத்தி பொறந்திருக்காம். விடியறதுக்குள்ள பஸ் ஏறிட்டாரு. அந்தக் கண்ணை மட்டுமாவது வச்சிட்டுப் போயிருக்கலாமேன்னு அவர் வீட்டம்மாகிட்டக் கேட்டேன். அடிக்க வந்துட்டாங்க."

பல்லக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த தூரிகைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கூட ஆள் இல்லாட்டி உள்ள விடுவாங்களா அண்ணி?"

"மாட்டாங்க."

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அவரைக் கேக்க மாட்டேன்" என்றாள் பல்லக்கா.

"நீங்க கேக்க மாட்டீங்க. அவரா வர மாட்டாரு. பரிட்சையே கிளம்பி நம்ம வாசலுக்கு வரணும்னா நான் தைக்கிற துணியைத்தான் விரிச்சு வரவேற்கணும். கேளுங்க அண்ணி. இல்லைன்னு சொல்வாரு, அவ்வளவுதானே. கேக்காம விட்டுட்டு, கேட்டிருக்கலாமேன்னு சாகற வரைக்கும் என் உயிரை வாங்காதீங்க."

அது சுருக்கென்று தைத்தது. பல்லக்காவுக்குக் கல்யாணமான புதிதில் லேப் முதலாளி அவளை வேறொரு ஊருக்குப் போய் நுண்வேலை கற்றுவரச் சொன்னார். அடுத்த முறை பார்க்கலாம் என்றாள். அந்த அடுத்த முறை வரவேயில்லை. அவளுக்குப் பதிலாகப் போனவள் இப்போது சொந்தமாக லேப் நடத்துகிறாள். அவள்மேல் பல்லக்காவுக்குப் பொறாமை கிடையாது. தோற்றிருந்தால் ஒரு வாரம் அழுது தீர்த்திருக்கலாம், போகாமலே விட்டதை எப்படி அழுது தீர்ப்பது என்பதுதான் அவளுடைய கவலை.

அவர் வேலை செய்யும் கட்டடம் இரண்டு தெரு தள்ளி. கீழ்த்தளத்தில் 'லிஃப்ட் பழுது' என்ற பலகை தொங்கியது. பல்லக்கா படியேறிப் போனாள். மேல் தளத்தில் கதவு திறந்து கிடக்க, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தி உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார் லிஃப்ட்காரர். அவரோடு வேலை செய்யும் கூட்டாளி டீ குடிக்கப் போயிருந்தான்.

"ஏங்க."

அவர் நிமிரவில்லை. "டார்ச்சை எடு. அந்தச் சாமான் பெட்டி மேல இருக்கு."

தலைக்கு மேலேயே ஒரு பெரிய பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான்கு நாளுக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு டார்ச்சைப் பற்றியா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"அச்சகக்காரர் வரலை. எனக்கு ஆள் இல்லை. நீங்க வரணும்" என்றாள். மூன்று மாடி ஏறும்போது யோசித்து வைத்த சமாதானமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"பரிட்சை எழுதறவங்க ஆறு பேர். அவங்கவங்க கூட ஒருத்தர். அப்புறம் தேர்வு நடத்தற அம்மா."

"கண்ணாடியைக் கழட்டணுமா?"

"கழட்டணும்."

"ரொம்ப நேரம் பாப்பியா?"

"மத்தியானம் வரைக்கும்."

அவர் பெட்டியின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்து, மெதுவாகத் தளத்தில் கால் வைத்தார். "கூட்டாளி வந்ததும் சொல்லிட்டு வர்றேன். கீழ நில்லு" என்றார். ஏன் வருகிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடும் என்ற பயம்.

ஆஸ்பத்திரி வரைக்கும் பக்கத்தில் நடக்காமல் ஒரு எட்டு பின்னாலேயே வந்தார். கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். சாலையைக் கடக்கையில் மட்டும் அவள் புடவைத் தலைப்பை இரண்டு விரலால் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

தேர்வு அறை நான்காவது மாடியில், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். ஜன்னலோரமாக ஆறு மேஜை, எதிரெதிராக நாற்காலி. தேர்வாளரம்மா ஒல்லி, நரைத்த கிராப், பேச்சில் கஞ்சம். "அடிப் பூச்சு வீட்டிலேயே போட்டுக் கொண்டுவந்திருந்தா அதையே பயன்படுத்தலாம். வெளிச்சம் மாறறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றதோடு சரி.

பல்லக்கா பையிலிருந்து தன் தகட்டை எடுத்தாள். பிஸ்கட் டப்பாவிலேயே ஆகச் சிறந்தது. அச்சகக்காரரின் கண்ணும் பழுப்பு என்பதால் அதைத்தான் எடுத்து வைத்திருந்தாள். இப்போது அசல் ஆளே வந்து உட்கார்ந்திருக்கிறார், இனி மேலே நாலு கோடு இழுத்தால் போதும் என்று ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

"கழட்டுங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேஜையில் ஒரு தாத்தா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். யாரும் இவரைக் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பல்லக்கா தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். வர்ணத்தின் மேல் கண்ணாடி போன்ற பூச்சு ஏறினால் என்ன நிறம் காட்டும் என்று பார்க்கிற வழி அது. தகட்டை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

நிறம் ஒட்டவே இல்லை.

சொட்டைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தகட்டில் இருந்தது திக்கான டீயின் பழுப்பு. எதிரே இருந்தது பால் அதிகமாகிப் போன டீ. பழுப்பு வெளுத்து, ஓரம் பச்சை கலந்து, கருவிழியைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் விழுந்திருந்தது. வெள்ளை விழியும் வெள்ளையாக இல்லை.

கல்யாணமான புதிதில் தன்னைப் பார்த்துச் சிரித்த ஒரு வாலிபனின் கண்ணை அவள் நான்கு வருஷமாக வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். டப்பா நிறைய அதுதான். இந்த மனுஷரின் கண்ணை அவள் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? ஒரே வீடு, ஒரே படுக்கை, தினமும் நாலு சண்டை. அவர் காட்டவில்லை என்பது சரி, தான் மட்டும் தேடினாளா என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

"என்ன, பிடிக்கலையா?" என்றார் மெதுவாக.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன். உங்களைப் பாக்காமலே வரைஞ்சிருக்கேன்."

சிறந்த தகட்டை ஓரமாக வைத்தாள். பையிலிருந்து வெறும் தகடு ஒன்றை எடுத்தாள். பக்கத்து மேஜைப் பெண் இவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். மற்றவர்கள் பாதி வேலை முடித்திருந்தார்கள். ஓடட்டும், அவரவர் பாடு அவரவருக்கு.

அடியில் மஞ்சள். அதன்மேல் மெல்லிய பச்சை. உள்ளிருந்து வெளியே பழுப்புக் கோடுகள், நெருக்கமாக, சில இடத்தில் விட்டு விட்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"இப்படியா பாப்பே?"

"பாக்காம எப்படிங்க வரையறது?"

"கூச்சமா இருக்கு."

"இருக்கட்டும். நான் உங்க பொண்டாட்டிதானே."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சாம்பல் வளையத்தை முடித்துவிட்டு அவள் நடுவுக்கு வந்தாள். கண்ணின் பாப்பா, சுத்தக் கறுப்பு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதைத்தான் சொல்லும். கறுப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், தூரிகையைக் கீழே வைக்காமல் அப்படியே இருந்தாள்.

அவர் பாப்பா சுத்தக் கறுப்பாக இல்லை. குளிர் நாளில் கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற மங்கல் போல என்னவோ அங்கே இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சமோ என்று கையால் மறைத்துப் பார்த்தாள். அப்போதும் இருந்தது.

புத்தகத்தில் உள்ளதை வரைந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இருப்பதை வரைந்தால், கறுப்பு வைக்கக்கூடத் தெரியாதவள் என்று இடம் போய்விடலாம். ஒரு தடவை ஞாபகத்தை நம்பிக் கெட்டது போதும் என்று, நீர்த்த சாம்பலைத் தொட்டுக் கறுப்பின்மேல் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள்.

தேர்வாளரம்மா ஒவ்வொரு மேஜையாக வந்தார். பல்லக்காவின் தகட்டில் சொட்டு விட்டு, லிஃப்ட்காரரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பாவுல ஏன் சாம்பல் பூசினீங்க?"

"அங்க அப்படித்தான் இருக்குங்க மேடம்."

அந்த அம்மா தகட்டைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்து, லிஃப்ட்காரரின் கண்ணில் அடித்துப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வி பல்லக்காவுக்கு இல்லை.

"உங்களுக்கு இது தெரியுமா?"

லிஃப்ட்காரர் மடியில் இருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தார். "தெரியும்" என்றார்.

"ரெண்டு பேரும் வெளியில உக்காருங்க. கூப்பிடறேன்."

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பல்லக்காவுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் ஆச்சு. கண்புரை. டாக்டர் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னார்."

"பண்ணிக்கறதுக்கு என்ன? எத்தனை பேர் பண்ணிட்டு மறுநாளே நடமாடறாங்க."

"ரெண்டு கண்ணு இருக்கறவனுக்கு அது சின்ன வேலை. எனக்கு இருக்கறது ஒண்ணு. அதுலயும் கை வச்சு, அதுவும் போச்சுன்னா?"

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா லிஃப்ட் மேல ஏறி நின்னீங்க?"

"முறுக்கற வேலையெல்லாம் கூட்டாளி பாக்கறான். நான் எண்ணெய் போடறேன். காதை வச்சுக் கேக்கறேன்."

அவளுக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. டார்ச்சும், புடவைத் தலைப்பும், பின்னாலேயே வந்ததும் இப்போதுதான் விளங்கியது. கோபம் என்று நினைத்தாளே, மட்டி.

"இதுக்காகத்தான் என்னைப் போகாதேன்னீங்களா?"

"நீ ரெண்டு வருஷம் போயிடுவே. தங்கச்சி காலையில மிஷின்ல உக்காந்துடுவா. ஒருநாள் நான் கண்ணு முழிச்சு, இன்னும் விடியலைன்னு நினைச்சுப் படுத்தே கிடந்தா, விடிஞ்சு போச்சுன்னு யார் வந்து சொல்லுவா?"

பல்லக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நடந்து போகிறவர்கள் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அழுகிறவளை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

"அப்புறம் ஏன் இன்னிக்கு வந்தீங்க? பக்கத்துல உக்காந்து பாத்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்னு தெரியாதா?"

"தெரியும்" என்றார். "வாயால சொல்ல வரலை. நீயே பாத்துக்கோன்னுதான் வந்தேன்."

அதற்குள் உள்ளேயிருந்து அவளை மட்டும் கூப்பிட்டார்கள்.

தேர்வாளரம்மா தகட்டை ஒரு துண்டுத் துணியில் வைத்து நீட்டினார். "இடம் உங்களுக்குத்தான். பாதி நேரம் போன பிறகு நல்ல தகட்டைத் தூக்கி வச்சிட்டு வெறும் தகட்டை எடுத்தீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒண்ணாம் தேதி காலையில இங்கிருந்து வண்டி கிளம்பும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் இடம் அடுத்தவருக்குப் போயிடும். வர்றீங்களா?"

"வர்றேன்" என்றாள் பல்லக்கா. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"இன்னொண்ணு. இந்தத் தகட்டை வச்சு அவருக்குக் கண்ணு செஞ்சிடாதீங்க. இது இன்னிக்கு இருக்கற கண்ணு. புரையை எடுத்துட்டா பாப்பா கறுப்பாயிடும். அப்புறம் இது பொருந்தாது. டாக்டர் ரெண்டாவது மாடியில சாயங்காலம் வரைக்கும் இருப்பார்."

வெளியே லிஃப்ட்காரர் லிஃப்ட் கதவருகில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இதுக்கு எண்ணெய் போட்டு மாசக்கணக்கு ஆகுது" என்றார். பிறகு, "வர்றேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் தலையாட்டினார். பல்லக்கா துணியைப் பிரித்துத் தகட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை முகத்துக்கு வெகு கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்லா இருக்கா?"

"இதைவிட நல்லா நான் எதையும் வரைஞ்சதில்லை. ஆனா நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டா இது உதவாது."

"அய்யோ, இவ்வளவு பாடுபட்டு வரைஞ்சது வீணாப் போகுமே."

"வீணாப் போகட்டும்ங்க. வீணாப் போகணும்னுதான் நான் வேண்டிக்கறேன். பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். நானும் பயந்துக்கிட்டுத்தான் படியேறி வந்து உங்களைக் கேட்டேன். நீங்களும் பயந்துக்கிட்டே வாங்க. டாக்டர் ரெண்டாவது மாடியில இருக்காராம்."

லிஃப்ட் வந்தது. இருவரும் உள்ளே போனார்கள். அவர் விரல் பட்டன்களின் மேல் ஒருமுறை மேலும் கீழும் ஓடியது. எந்த லிஃப்டிலும் எந்தப் பட்டன் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற மனுஷர் அவர்.

"ரெண்டாவது மாடி எது?" என்று கேட்டார்.

பல்லக்கா அவர் விரலைப் பிடித்துப் பட்டனில் வைத்தாள். அழுத்தியது அவர்தான்.

டாக்டர் பார்த்தார், இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார், ஆபரேஷன் தேதி குறிக்க வெளியே நர்ஸிடம் அனுப்பினார். நர்ஸ் பக்கங்களைப் புரட்டினாள்.

"ஒத்தைக் கண்ணு கேஸெல்லாம் பெரிய டாக்டர்தான் பண்ணுவார். அவர் வர்றது மாசத்துல ஒரு நாள். ஒண்ணாம் தேதி. அதை விட்டா வெளிநாடு போறார், திரும்பி வர நாலு மாசம் ஆகும்."

பல்லக்கா வாய் திறப்பதற்குள் லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார். "ஒண்ணாம் தேதியே போட்டுடுங்க. இன்னிக்கு விட்டா எனக்குத் தைரியம் மறுபடி வராது."

சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்ததில்லை. அதே ஒண்ணாம் தேதி காலையில்தான் அவளுடைய வண்டி கிளம்புகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"சரிதானே?" என்று கேட்டார்.

"சரிங்க" என்றாள் பல்லக்கா.